சாமை மில்லுக்கு ஒரு பலகை

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். கள்ளக்குறிச்சியில் காட்சிப் பலகை ஒழுங்குமுறை மண்டல அலுவலகத்தின் வாசலில், புங்கமரத்தடியில், ஒரு ஸ்டூலும் மடக்கு மேசையும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருபத்தோரு பேர் வேலை செய்வதாக வருகைப் பதிவேடு சொல்கிறது. வெளியே நான் ஒருவன்தான். அவர்களுக்கும் எனக்கும் சோறு போடுகிறவர்கள் ஒரே ஜனங்கள். தன் கடைக்கு முன்னால் ஒரு பலகை வைத்தால் என்ன என்று ஒரு நாள் தெரியாத்தனமாக நினைத்துவிட்டவர்கள்.

மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகு, ஊரில் பலகைகள் பெருகிவிட்டன, அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எங்கோ உயரமான நாற்காலியில் இருந்த ஒருவருக்குத் தோன்றியது. அதில் பிறந்தது இந்த அலுவலகம். மூன்று வருஷத்தில் பதினொரு பலகைகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அவற்றில் ஏழு, கடையை மூடிவிட்டுப் போன பிறகு கிடைத்தவை. மீதி நாலும் அலுவலகத்துக்குள்ளேயே மாட்டியிருக்கின்றன. ‘காலணிகளை வெளியே விடவும்’ என்பது அதில் ஒன்று.

செவ்வந்தி என் மேசைக்கு முதலில் வந்தது தை மாசம். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சந்துக்குள் சாமை குத்துகிற மில் வைத்திருக்கிறாள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மகள் எழில்மதி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மில்லைச் செவ்வந்தி தனியாள்தான் ஓட்டுகிறாள். பழைய மெஷின். பெல்ட் நழுவும். நழுவப் போகிறது என்பது அவள் காதுக்கு மட்டும்தான் முன்னாடியே தெரியும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஜனங்கள் அறுப்பு முடிந்ததும் சாமையை மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார்கள். முன்பெல்லாம் பஸ் சந்தின் வாயிலேயே நிற்கும். ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, உள்ளே மெஷின் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடலாம். சாலையை அகலப்படுத்தினார்கள். புளியமரம் போனது, டீக்கடை போனது, பஸ் நிறுத்தம் இருநூறு அடி தள்ளிப் போனது. இப்போது அங்கே ஒரே மாதிரி நாலு காம்ப்ளெக்ஸ், ஒரே மாதிரி நாலு சந்து. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள் மூட்டையோடு திருதிருவென்று விழிப்பார்கள். பஸ் நிறுத்தத்திலேயே கடை போட்டிருக்கும் தானிய வியாபாரி, “மில்லா? அத்த மூடி எத்தினி நாளாச்சி!” என்று சொல்லி, குத்தாத சாமையை அப்படியே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வான்.

“போன வருசம் பாதிப் பேருதான் வந்தாங்க ரைட்டரண்ணா” என்றாள். “அடுத்த அறுப்புக்கும் இப்பிடியே போச்சின்னா மில்ல இழுத்து மூட வேண்டியதுதான். சந்து மொனையில ஒரு போர்டு வெச்சிக்கிறேன்.”

“போர்டுல இன்னா எழுதணும்?”

“எழுத்து வேணாண்ணா. மலைக்காரங்க நெறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு மொறம், அதுல சாமை. படமாப் போட்டா பாத்துட்டுப் புரிஞ்சிக்கினு வந்துடுவாங்க.”

எழுத்தில்லாத பலகைக்கு நான் அதுவரை மனு எழுதியதில்லை. எழுத்து கம்மி, அதனால் தொல்லையும் கம்மி என்று நினைத்தேன். பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கவுன்ட்டரில் சுபஸ்ரீ என்ற சின்னப் பெண். நல்ல பெண், யாரையும் விரட்ட மாட்டாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவள் ஒன்பதாவது கட்டத்தில் நின்றாள்.

“தமிழ் அஞ்சு பங்கு, இங்கிலீஷ் மூணு, பிற மொழி ரெண்டு. எழுத்து அளவு இந்த விகிதத்துல இருக்கணும். உங்க போர்டுல எப்பிடி இருக்குது?”

“எழுத்தே இல்லீங்க மேடம். படம்” என்றாள் செவ்வந்தி.

“படம் எந்த மொழியில இருக்குது?”

கிண்டல் இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

“மொறம் இன்னாங்க பேசும்?” என்றாள் செவ்வந்தி.

சுபஸ்ரீ ‘பிற மொழி’ என்று தட்டிவிட்டாள். பிற மொழிக்குப் பத்தில் ரெண்டு பங்குதான். நாலடிப் பலகையில் முறம் ஒரு உள்ளங்கை அளவுக்கு வந்தது. படத்தைத் தமிழ்க் கணக்கில் கொண்டுவர வேண்டுமானால், முறம் தமிழ்தான் என்பதற்குப் பூர்வீகச் சான்று வேண்டும் என்றார்கள்.

அந்தச் சான்றுக்கான படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில், முறம் முடைந்த குப்பனின் பெயரை எழுதினேன். தாயார் பெயர்: மூங்கில். நிரந்தர முகவரி: கல்வராயன் மலை. இந்த முகவரியில்தான் வினை வந்தது. மலை மூங்கில் என்றால் வனத்தில் வெட்டியதா, பட்டா நிலத்தில் வெட்டியதா என்று கேட்டார்கள். செவ்வந்தி மூன்று தடவை மலைக்குப் போய், குப்பனைப் பிடித்து, அவன் கொல்லை மூங்கில்தான் என்று கைநாட்டு வாங்கி வந்தாள். படத்தில் இருக்கும் மூங்கிலுக்குத்தான் இத்தனையும். வைகாசியில் தொடங்கியது ஆவணியில் முடிந்தது. பெயின்டர் படம் வரைந்து கொடுத்த பலகை அதுவரை மில்லுக்குள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

பிறகு கள ஆய்வு. ஆய்வாளர் தீனதயாளன் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் டேப், கக்கத்தில் வரைபடச் சுருள். சந்து முனையில் முப்பதடி உயரத்துக்கு யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா ஃப்ளெக்ஸ் நின்றது. அதன் நிழலில் நின்றுகொண்டுதான் ஆய்வு செய்தார்.

“பலகைக்குப் பின்னால இருக்கிற காட்சிய மறைக்கக் கூடாதுன்னு விதி இருக்குதும்மா. பின்னால இன்னா காட்சி?”

“செவுருங்க சார். ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போவாங்க.”

‘பொதுமக்கள் தொடர் பயன்பாட்டில் உள்ள இடம்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு வரைபடத்தை மொபெட் சீட்டில் விரித்தார். சந்து முனை ‘அமைதிக் குடியிருப்பு மண்டலம்’ என்பதில் வருகிறதாம். அங்கே வியாபாரப் பலகை கூடாது. மூன்றடி கிழக்கே தள்ளினால் வணிக மண்டலம்.

“அங்க வெச்சிக்குங்க. ஒரு தடையும் இல்ல” என்று கையைக் காட்டினார்.

“அது ரோடுங்க சார். பஸ்ஸு வந்துக்கினு போய்க்கினு இருக்கும்.”

“பஸ்ஸு எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “சார், தலைக்கு மேல நிக்குதே இந்த ஃப்ளெக்ஸு, இது எந்த மண்டலம்?” என்று கேட்டேன்.

“அது தற்காலிகம். தற்காலிகமான எதையும் நாங்க பாக்குறதில்ல.”

“ஆடியில இருந்து நிக்குதுங்க.”

“தற்காலிகமாத்தான் நிக்குது” என்று சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார். மண்டல விதிக்கு விலக்கு வேண்டுமானால் விதிவிலக்குக் குழுவிடம் போகலாம், மாசத்தில் மூன்றாவது செவ்வாய்க்கிழமை கூடும் என்று வழியும் சொன்னார்.

குழுவுக்குத் தலைவர் மண்டல அலுவலர் அரங்கநாதன். பேச்சில் மன்னர். சொந்தக் கையால் ஒரு கோப்பிலும் கையெழுத்துப் போடாமல் பதவி உயர்வு வாங்கியவர் என்று உள்ளே இருப்பவர்களே மரியாதையாகச் சொல்வார்கள். செவ்வந்தியை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு ஆரம்பித்தார்.

“அம்மா, விதிங்கிறது எல்லாருக்கும் பொது. விலக்குங்கிறது ஒருத்தருக்கு மட்டும். அதனால உங்க கஷ்டம் உங்களுக்கு மட்டுமே உள்ள கஷ்டமா இருக்கணும். வியாபாரம் கம்மி, வூட்டுக்காரரு வெளியூர்ல இருக்காரு, பொண்ணு படிக்குது, இதெல்லாம் ஊர்ல எல்லாருக்கும் இருக்குது. எல்லாருக்கும் இருக்கிற கஷ்டத்த இந்தக் குழு கஷ்டம்னு ஏத்துக்கிச்சின்னா, அப்புறம் எல்லாருக்கும் உதவி பண்ண வேண்டி வந்துடும். நான் இங்க இருக்கிற வரைக்கும் அந்த நெலமைக்கு விடமாட்டேன்.”

குழுவினர் மேசையைத் தட்டினார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“வெளியில பேசிக்கிறாங்க, இந்த ஆபீஸ்ல மறுக்கிறாங்கன்னு. பதிவேட்டப் பாருங்க. இன்னிவரைக்கும் ஒரு மனுவயும் நாங்க மறுத்ததில்ல. மறுத்தா ஜனங்க மேல்முறையீட்டுக்குப் போயி செலவு பண்ணுவாங்க. நாங்க நிலுவையில வெக்கிறோம். நிலுவையில இருக்கிற வரைக்கும் மனுதாரருக்கு நம்பிக்கை இருக்குது. ஜனங்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறதவிட ஒரு ஆபீஸுக்கு வேற இன்னா வேலை இருக்குது, சொல்லுங்க?”

தனக்கு மட்டுமே உள்ள கஷ்டம் ஒன்றை அடுத்த கூட்டத்துக்குள் எழுத்து மூலமாகக் கொண்டுவரும்படி செவ்வந்தியை அனுப்பிவைத்தார்கள். அவள் புங்கமரத்தடிக்கு வந்து என் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகம் கறுத்திருந்தது.

“இன்னாண்ணா இது? எனக்குன்னு தனியா ஒரு கஷ்டம் எங்கண்ணா போயி வாங்கியாறது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இரண்டு கூட்டத்துக்கு இரண்டு கஷ்டம் எழுதிக் கொடுத்தேன். முதலாவது தியாகதுருகத்தில் ஒருவருக்கும் இருப்பதாகத் தெரிய வந்தது. இரண்டாவது, குழுவில் இருந்த ஒரு உறுப்பினருக்கே இருந்தது.

கார்த்திகை பிறந்துவிட்டது. மலையில் அறுப்பு முடிந்து மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன. செவ்வந்தி இனிமேல் காத்திருந்து பயனில்லை என்று ஒரு காரியம் செய்தாள். வீட்டிலிருந்த முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் வருகிற நேரம் பார்த்துச் சந்து முனையில் போய் நின்றாள். புடைக்கப் போகிறவள் மாதிரி முறத்தை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துக் கையை ஆட்டினார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமையைக் குத்திக் கொடுத்து, உமியைத் தனியாகக் கட்டி, நாலரை மணி மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மூன்று வாரம் மெஷின் ஓயவே இல்லை. ஒரு நாள் எனக்கு ஒரு படி சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது.

நாலாவது வாரம் நோட்டீஸ் வந்தது. தானிய வியாபாரியின் புகார் என்பது பிறகு தெரிந்தது. ‘தாங்கள் உரிய அனுமதியின்றி சந்து முனையில் காட்சிப்பொருள் ஒன்றை நிறுவியுள்ளீர்கள். உயரம் சுமார் ஐந்தடி. நிறம் மாநிறம். ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் மேற்படி பொருள் பறிமுதல் செய்யப்பட்டு அலுவலகக் கிடங்கில் வைக்கப்படும்.’

“என்னியாண்ணா கெடங்குல வெப்பாங்க?” என்று கேட்டாள். சிரித்திருக்க வேண்டிய கேள்வி. எனக்கு அந்தக் கிடங்கைத் தெரியும், உள்ளே போனது எதுவும் வெளியே வந்ததில்லை, அதனால் சிரிக்க முடியவில்லை.

இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். எந்த அலுவலகத்திலும் ‘இல்லை’ என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க ஒரு வருஷம் ஆகும். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் கட்டணத்தோடு போய்விடும். இது என் பதினெட்டு வருஷப் பாடம். செவ்வந்தி பலகை அல்ல என்று வாதாடினால் அதற்கு ஒரு நிபுணர் குழு போடுவார்கள், அறுப்புக்காலம் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக விதிப் புத்தகத்தைப் புரட்டி ஆறாம் விதியைப் பிடித்தேன். அடித்தளம் இல்லாததும், ஐந்தேகால் அடிக்கு மேற்படாததுமான சிறுபலகைக்கு மண்டலக் கட்டுப்பாடு கிடையாது. விலக்கும் வேண்டாம், குழுவும் வேண்டாம். ‘மேற்படி காட்சிப்பொருள் சிறுபலகை வகையைச் சேர்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதினேன். அன்றைக்கு எனக்கு என் பேரில் இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது.

செவ்வந்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “என்னியப் பலகைன்னு எழுதிக்கிறீங்க.”

“எழுத்துக்குத்தாம்மா. பேப்பர்ல மட்டும்தான் பலகை. மத்தபடி நீ நீதான்.”

“ஒண்ணும் ஆவாதில்ல?”

“நான் இருக்கிறேன், போ” என்றேன்.

அளவெடுக்க அலுவலகத்துக்கே வரச் சொன்னார்கள். சுவரோரம் நிற்க வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, தீனதயாளன் டேப்பைப் பிடித்தார். தலை வரைக்கும் ஐந்தடி ஓரங்குலம். ஆனால் கொண்டையைச் சேர்த்தால் ஐந்தேகாலைத் தாண்டியது. கொண்டை பலகையின் பகுதியா, பலகை மேல் வைத்த அலங்காரமா என்று இரண்டு பேர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். இருபத்தோரு பேர் பார்க்க முடியை அவிழ்த்துவிட்டு அவள் சுவரோரம் நின்றாள். சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

ஒன்பதே நாளில் உத்தரவு வந்தது. அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் இல்லாத வேகம். அரங்கநாதன் சின்ன விழாவே வைத்துவிட்டார். பன்னிரண்டாவது பலகை. போட்டோ எடுக்க ஆள் வந்தது. பலகை எண் பொறித்த தகர வில்லையைச் சேலைத் தலைப்பில் ஊக்கு போட்டுக் குத்தச் சொன்னார்.

“ஜனங்களுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல ஒரு எடவெளி இருக்குதுன்னு சொல்லுவாங்க” என்று பேசினார். “அந்த எடவெளி இன்னியோட போயிடிச்சி. இதுக்கு முன்னால ஜனங்க பலகைக்காக மனு கொடுத்தாங்க. இப்ப ஜனங்களே பலகை ஆயிட்டாங்க. இத மத்த மாவட்டத்துக்கும் எழுதப் போறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். செவ்வந்தியும் தட்டினாள். பதினோரு மாசம் அலைந்தவளுக்குக் கையில் ஒரு காகிதம் கிடைத்த சந்தோஷம். மரத்தடிக்கு வந்துதான் நிபந்தனைகளை வாசித்தேன்.

பலகை தினமும், ஞாயிறு உட்பட, காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். இடம் மாறக் கூடாது. ஒலி எழுப்பக் கூடாது. எழுப்பினால் அது ஒலி விளம்பரம், காவல்துறை அனுமதி தேவை. அசையக் கூடாது, அசைந்தால் அது அசையும் விளம்பரம், அதற்குத் தனி விண்ணப்பம். பலகையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு பலகைக்குப் பதில் இன்னொன்றை வைப்பதானால் புதிய மனு. பலகை இடத்தில் இல்லையென்றால், அது குறிக்கும் நிறுவனத்துக்குச் சீல் வைக்கப்படும்.

செவ்வந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப மில்லு யாருண்ணா ஓட்டுறது?” என்றாள்.

நான் திரும்பவும் வாசித்தேன். அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. தீனதயாளனிடம் ஓடினோம். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். “வேணாம்னா பலகைய எடுக்கிறதுக்கு மனு கொடுங்கம்மா. தொண்ணூறு நாள்ல ஆயிடும். அதுவரைக்கும் பலகை எடத்துல இருந்தாவணும். பலகை இருந்து கடை மூடிக் கெடந்தா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. கடை தொறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பலகை இல்லன்னாதான் குத்தம். சீல் வெச்சா மெஷினையும் சேத்துத்தான் வெப்போம்.”

தொண்ணூறு நாள் என்றால் பங்குனி. அதற்குள் மலையிலிருந்து கடைசி மூட்டையும் இறங்கி முடிந்திருக்கும். எடுக்கும் மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். நான் காசு வாங்கவில்லை. வாங்காததால் என் மனசு ஆறவும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் சந்து முனையில் நின்றாள். கொண்டை போடாமல் முடியைப் பின்னித் தொங்கவிட்டிருந்தாள். இடுப்பளவில் முறம், தலைப்பில் அந்தத் தகர வில்லை. எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருந்த டீக்கடை பெஞ்சில் தீனதயாளன், முதல் வாரம் கண்காணிப்பு என்று குறிப்பேடோடு உட்கார்ந்திருந்தார். நான் மேசையை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

பதினொன்றரை பஸ்ஸில் பாப்பாத்தி இறங்கினாள். கரியாலூருக்கு மேலே ஒரு ஊர்க்காரி, வருஷா வருஷம் செவ்வந்தி மில்லுக்கு வருகிறவள். தலையில் மூட்டை. செவ்வந்தியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

“செவ்வந்தி! நல்லா கீறியா? வா, போலாம்.”

செவ்வந்தி சந்துக்குள் பார்வையைக் காட்டினாள். பாப்பாத்தி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“பூட்டிக் கெடக்குதேடி. சாவி எங்க? வந்து தொற.”

செவ்வந்தியின் கண் டீக்கடைப் பக்கம் போய் வந்தது. தீனதயாளன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னாடி, எங்கூடப் பேச மாட்டியா? ஒடம்புக்கு இன்னா? வூட்டுக்காரரு வந்து சண்ட போட்டாரா? வாயத் தொறந்து சொல்லேன்.”

செவ்வந்தியின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. பாப்பாத்தி தன் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். தலைப்பில் குத்தியிருந்த தகர வில்லையைத் தொட்டுப் பார்த்தாள், அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. பிறகு மூட்டையை இறக்கிவைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

நான் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பாப்பாத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். உத்தரவு, ஆறாம் விதி, அகற்றல் மனு, எல்லாம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மனுசியப் பலகைன்னு யாராவது எழுதுவாங்களா? உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?” என்றாள். அதற்கு மேல் நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்த நியாயத்தில் நடந்தது வேறு. மில் போய்விட்டது. புருஷன் கைவிட்டுவிட்டான். துக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது. பாவம், தெருவில் முறத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறாள்.

நாலரை வரைக்கும் அவள் கூடவே உட்கார்ந்திருந்தாள். அடுத்த பஸ்ஸில் மூட்டையோடு இறங்கிய ஏழெட்டுப் பேரையும், “மில்லு இல்லடா, போயிடிச்சி. அவளத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று தடுத்து வியாபாரியிடம் அனுப்பினாள். தன் மூட்டையையும் கடைசியில் அவனுக்கே போட்டாள். போடுவதற்கு முன்னால் கட்டை அவிழ்த்து, இரண்டு கையும் சேர்த்துச் சாமையை அள்ளிக்கொண்டு செவ்வந்தியிடம் வந்தாள்.

“பசி ஆறிக்கோ, தாயி” என்று சொல்லி முறத்தில் போட்டாள். இன்னொரு தடவையும் அள்ளிப் போட்டாள். பஸ் ஹாரன் அடித்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிப் போய் ஏறினாள்.

தீனதயாளன் மணியைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘பலகையில் அனுமதியின்றி மேலும் காட்சிப்பொருள் சேர்க்கப்பட்டுள்ளது. விளக்கம் கோரலாம்.’

செவ்வந்தி முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமையில் கல்லும் உமியும் கலந்து கிடந்தன. பிறந்ததிலிருந்து முறம் பிடித்த கை. அது ஒரு தடவை தானாகப் புடைக்கக் கிளம்பியது. எதிர்ப்பக்கம் பார்த்தாள். கையை நிறுத்திக்கொண்டாள். ஐந்தரை ஆக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.